ஒரே கேட், இரண்டு சம்பளம்

கேள்வி: ஐயா, பாலக்கோடு பக்கம் இரண்டு ஏக்கர் விவசாயம் செய்கிறேன். ஒரு ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறேன், ரோட்டோரம் இருக்கும் இன்னொரு ஏக்கரில் தக்காளி. மகன் ஐடிஐ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் நாலு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருக்கிறான். கைக்கு 15 ஆயிரம் வருகிறது. அதே லைனில் அதே வேலை பார்க்கும் என் அக்கா மகன் கம்பெனி ரோலில் இருக்கிறான், அவனுக்கு 38 ஆயிரம். இப்போது டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடித்த மகளுக்கு, செல்போன் பாகம் செய்யும் ஒரு ஆலையில் ஏஜென்சி மூலம் வேலை வந்திருக்கிறது. பேப்பரில் 18,200 ரூபாய் போட்டிருக்கிறார்கள், ஹாஸ்டல் உண்டு. நகல் இணைத்திருக்கிறேன். வெளிநாட்டு முதலீடு வந்தால் சம்பளம் ஏறும் என்று இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே ஏறுகிறதா, இல்லை ஏறுகிறவனுக்கு மட்டும் ஏறுகிறதா? மகளை அனுப்பலாமா? ரோட்டோர நிலத்தை விற்று ஓசூரில் மனை வாங்கலாம் என்கிறான் மகன். அதையும் சொல்லுங்கள்.

பதில்: ஏறுகிறது ஐயா. நீங்கள் சந்தேகப்படுகிற மாதிரிதான் ஏறுகிறது. சம்பள ஒப்பந்தம் பேசும்போது நிர்வாகத்துக்கும், சில சமயம் சங்கத்துக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதமான சம்பளப் பட்டியலைப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். ஆனாலும் அப்பா ஒருவர் தன் மகனையும் அக்கா மகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதும்போது அது வேறு மாதிரி தைக்கிறது.

முதலில் ஏட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1941-இல் ஸ்டோல்பர், சாமுவேல்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு தேற்றம் சொன்னார்கள். எந்த நாட்டில் உழைக்கும் கை நிறைய இருக்கிறதோ, அந்த நாடு வெளி வாணிபத்துக்குக் கதவைத் திறந்தால் அங்கே உழைப்பவனின் கூலி ஏறும், பணம் வைத்திருப்பவனுக்கும் உழைப்பவனுக்கும் இருக்கும் இடைவெளி குறையும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1991-இல் நம் நாடு கதவைத் திறந்தபோது பலரும் இதைத்தான் எதிர்பார்த்தார்கள். நடந்தது அப்படியே இல்லை. நமக்கு முன்னால் திறந்த மெக்சிகோவிலும் அப்படி நடக்கவில்லை.

மெக்சிகோவில் என்ன நடந்தது என்று ஃபீன்ஸ்ட்ரா, ஹேன்சன் இருவரும் 1990-களில் ஆராய்ந்தார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் எல்லை தாண்டி மெக்சிகோவில் ஆலை போட்டன. அவை அனுப்பிய வேலை அமெரிக்காவில் கடைசிப்படி வேலை. ஆனால் மெக்சிகோவில் அதுவே மேல்படி வேலை. அதனால் மெக்சிகோவில் படித்த, மெஷின் தெரிந்த ஆளுக்குக் கிராக்கி கூடியது, அவர் சம்பளம் ஏறியது, மூட்டை தூக்குகிறவர் அங்கேயே நின்றார். அமெரிக்காவிலோ கடைசிப்படி வேலை போய்விட்டதால் அங்கேயும் படிக்காதவர் கீழே போனார். இரண்டு நாட்டிலும் இடைவெளி கூடியது. இதைப் பாலக்கோட்டில் வைத்துப் பாருங்கள். தைவான்காரருக்கோ அமெரிக்கருக்கோ உங்கள் மகள் செய்யப்போவது சாதாரண அசெம்பிளி வேலை. உங்கள் ஊர்க் கணக்கில் அது டிப்ளமோ படித்த பெண்ணுக்குக் கிடைக்கும் வேலை. பத்தாவதோடு நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாசல் பாதிதான் திறக்கும்.

பாதி என்று சொன்னது யோசித்துத்தான். கீழே இருப்பவர்களுக்கு ஒன்றுமே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. கம்பெனி பஸ் ஊருக்குள் வர ஆரம்பித்ததும் தக்காளி பறிக்க ஆள் கிடைக்காமல் கூலியை ஏற்றிக் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். உங்களுக்கு அது செலவு, பறிக்கிற பெண்ணுக்கு அது சம்பள உயர்வு. தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் குடும்பம் குடும்பமாகப் போன காலம் உங்களுக்கே தெரியும். வீட்டு வாசலில் பஸ் ஏறி வேலைக்குப் போய்த் திரும்பும் இன்றைய நிலைமை அதைவிட எவ்வளவோ மேல்.

சரி, அக்கா மகன் விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டுக் கம்பெனிகள் உள்ளூர்க் கம்பெனிகளைவிடக் கூடுதலாகக் கொடுக்கின்றன என்பது பல நாடுகளில் பார்த்து உறுதிசெய்த விஷயம். மெக்சிகோ, வெனிசுலா, அமெரிக்கா மூன்றையும் ஒப்பிட்டு 1996-இல் வந்த ஒரு ஆய்வு மூன்றிலும் அப்படித்தான் என்றது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. மெக்சிகோவிலும் வெனிசுலாவிலும் அந்தக் கூடுதல் சம்பளம் ஆலைச் சுவருக்கு வெளியே கசியவில்லை. பக்கத்திலிருந்த உள்ளூர்க் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கு ஏற்றிக் கொடுக்கவில்லை.

நம் ஊரில் அந்தச் சுவர் ஆலைக்குள்ளேயே எழுந்துவிட்டது. அதுதான் வித்தியாசம். உங்கள் அக்கா மகன் கம்பெனி ரோலில் இருக்கிறார். உங்கள் மகன் இருப்பது ஏஜென்சி ரோலில். கம்பெனியின் கண்ணில் அவர் தொழிலாளியே கிடையாது. மாதா மாதம் ஏஜென்சி அனுப்பும் பில்லில் அவர் ஒரு வரி. இவ்வளவு ஆள், இத்தனை ஷிஃப்ட், ஆளுக்கு இவ்வளவு, மேலே சர்வீஸ் சார்ஜ், அதற்கு ஜிஎஸ்டி. சில கம்பெனிகளில் இந்தப் பில் மனிதவளத் துறைக்கே போவதில்லை, ஆணியும் எண்ணெயும் வாங்குகிற பர்ச்சேஸ் பிரிவுக்குப் போகிறது. பர்ச்சேஸ்காரருடைய வேலை விலையைக் குறைப்பது. போன வருஷத்தைவிட இரண்டு சதவீதம் குறைத்துக் கொடு என்று அவர் கேட்பார். ஏஜென்சி எங்கே குறைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது ஏதோ ஒரு கம்பெனியின் கெட்ட புத்தி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவின் பதிவுபெற்ற ஆலைகளில் 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தொழிலாளி காண்ட்ராக்டில் இருந்தார். 2023-24-இல் ஐந்தில் இரண்டுக்கும் சற்று மேலே போய்விட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஆலைகளில் உருவான நிகர மதிப்பில், அதாவது மூலப்பொருள் செலவும் தேய்மானமும் போக மிஞ்சுவதில், சுமார் 30 சதவீதம் தொழிலாளர் கூலியாகப் போனது. 2000-களின் கடைசியில் அந்தப் பங்கு அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மெஷின் பெருகியதும் இதற்கு ஒரு காரணம், எல்லாவற்றையும் காண்ட்ராக்ட் தலையில் போட முடியாது. ஆனாலும் பேசிக் கேட்கும் பலம் யாரிடம் இருந்து யாரிடம் போனது என்பது அதில் தெரிகிறது.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் உண்மை இருக்கிறது. செல்போன் பாகத்துக்கு விலை ஓசூரில் தீர்மானமாவதில்லை. எங்கோ இருக்கும் வாங்குபவர் ஒரு பாகத்துக்கு இத்தனை சென்ட் என்று சொல்வார், வியட்நாமில் ஒரு விலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இங்கே பேசுவார். புது மாடல் வரும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், சீசன் முடிந்தால் பாதிப்பேர் போதும். அந்த ஏற்ற இறக்கத்தை யாராவது சுமந்தாக வேண்டும். வாங்குபவர் சுமக்க மாட்டார், கம்பெனி சுமக்க மாட்டாது, ஏஜென்சியும் சுமக்காது. கடைசியில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் சுமக்கிறாள். இந்த விஷயத்தில் கம்பெனி வெளிநாட்டுக்காரருடையதா, நம்மவருடையதா என்பதால் பெரிய வித்தியாசமில்லை. இன்று ஓசூர் சுற்றுவட்டாரத்தில் வெளிநாட்டு ஆர்டருக்கு வேலை செய்யும் இந்தியக் கம்பெனிகளும் இதே மாதிரிதான் ஆள் எடுக்கின்றன.

1980-களில் ஓசூர் சிப்காட்டில் லாரி, மொபெட், கைக்கடிகாரம் செய்யும் ஆலைகளில் சேர்ந்த தலைமுறையைப் பாருங்கள். பிளஸ் டூ முடித்துவிட்டுப் போனவர்கள் நிரந்தரமாகி, மூன்று வருஷம் நான்கு வருஷத்துக்கு ஒரு சம்பள ஒப்பந்தம் போட்டு, வீடு கட்டி, பிள்ளைகளை எஞ்சினியரிங் படிக்கவைத்தார்கள். அவர்களுக்குப் பலம் கொடுத்தது ரோலும் சங்கமும். உங்கள் அக்கா மகன் வாங்கும் 38 ஆயிரமும் அநேகமாக அந்த மாதிரி ஒரு ஒப்பந்தத்தில் பேசி வாங்கியதாகத்தான் இருக்கும்.

உலகமயம் என்றால் கம்பெனி மட்டும்தானா? உங்கள் புழு மனைக்குள்ளும் அது வந்து போயிருக்கிறது. 2011 மத்திய பட்ஜெட்டில் கச்சாப் பட்டுக்கான இறக்குமதி வரியை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். சீனப் பட்டு மலிவாக வந்து இறங்கியது, பட்டுக்கூட்டின் விலை சரிந்தது. நெசவு செய்பவருக்கு நூல் மலிவு, கூடு போட்டவருக்கு நஷ்டம். 2013-இல் வரியை 15 சதவீதமாக ஏற்றினார்கள். அந்த இரண்டு வருஷத்தில் தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் நீங்கள் கூடு கொண்டுபோய்க் கொட்டியிருந்தால், ஏலத்தில் விலை ஏன் அப்படி விழுந்தது என்று இப்போது புரியும்.

1991-க்குப் பிறகு வரி குறைப்பு எந்த மாவட்டங்களை அதிகமாகத் தொட்டது என்று டோபலோவா என்ற பொருளாதார அறிஞர் பார்த்தார். நாடு முழுக்க வறுமை குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் இறக்குமதிப் போட்டியை அதிகம் சந்தித்த கிராமப்புற மாவட்டங்களில் அது மெதுவாகக் குறைந்தது. அடிபட்ட தொழிலை விட்டு வேறு தொழிலுக்கோ வேறு ஊருக்கோ ஜனங்கள் சுலபமாக நகரவில்லை என்பது அவர் கண்ட முக்கியக் காரணம். நகர்வது என்றால் சும்மாவா? மல்பெரித் தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஐம்பது வயதில் யார் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் கற்றுக்கொள்வது? உங்கள் வீட்டில் நகர முடிந்தவர்கள் உங்கள் பிள்ளைகள் இருவரும்தான். அதனால் அவர்கள் எப்படி நகர்கிறார்கள் என்பதில் கவனமாக இருக்க வேண்டும்.

இனி அந்தப் பேப்பர். 18,200 என்று பெரிய எழுத்தில் இருக்கிறதே, அது சிடிசி, அதாவது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 14,000, மற்ற படிகள் 2,000, ஆக மொத்தச் சம்பளம் 16,000. அதன்மேல் முதலாளி கட்டவேண்டிய பிஎஃப் 1,680, ஈஎஸ்ஐ 520 இரண்டையும் சேர்த்து 18,200 ஆக்கியிருக்கிறார்கள். மகளிடம் பிடிக்கப்போவது பிஎஃப் 1,680, ஈஎஸ்ஐ 120. மிச்சம் 14,200. ஹாஸ்டல், சாப்பாட்டுக்கு 1,500 பிடிப்போம் என்று இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கைக்கு வருவது 12,700. இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை, ஆனால் 18 ஆயிரம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். பிஎஃப் பணம் வீணாகப் போவதில்லை, முதலாளி பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்கும் மீதி மகளுடைய கணக்குக்கும் போகிறது. அது நிஜமாகவே போகிறதா என்பதுதான் கேள்வி. மகளுக்கு யூஏஎன் என்ற பிஎஃப் கணக்கு நம்பர் வந்ததும் செல்போனில் பாஸ்புக்கை மாதா மாதம் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் இழுத்தடிக்கும் ஏஜென்சிகளை நான் பார்த்திருக்கிறேன். ஏஜென்சி கட்டாவிட்டால் வேலை வாங்கிய கம்பெனிதான் பொறுப்பு, சட்டம் அதில் தெளிவாக இருக்கிறது.

அனுப்பலாமா? அனுப்புங்கள். 12,700 குறைவுதான், ஆனால் பணத்தைப் பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. மகள் எந்தப் பிரிவில் போய் உட்காரப்போகிறார் என்பதைச் சேருவதற்கு முன்பே கேளுங்கள். பேக்கிங்கிலோ, கண்ணால் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலையிலோ போட்டால், இரண்டு வருஷம் கழித்தும் அவர் கையில் புதிதாக ஒன்றும் இருக்காது. சிஎன்சி, தர அளவீட்டுக் கருவிகள், சர்க்யூட் போர்டில் பாகம் பொருத்தும் எஸ்எம்டி லைன், மெஷின் பராமரிப்பு இவற்றில் ஒன்றில் போட்டால் கதையே வேறு. அந்த அனுபவத்துக்கு ஓசூரில் மட்டுமில்லை, ஸ்ரீபெரும்புதூரிலும் பெங்களூரிலும் விலை உண்டு. மெக்சிகோ கதையில் யார் மேலே போனார்கள் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பக்கம் போய் நிற்கத்தான் இது. டிப்ளமோவை வைத்துக்கொண்டு பேக்கிங்கில் மூன்றாம் வருஷம் தொடங்குகிறது என்றால் வேறு இடம் பார்த்துவிட வேண்டும்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். கடிதம் யார் பெயரில் வருகிறது, ஏஜென்சியா கம்பெனியா என்று பாருங்கள். கம்பெனியே குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக எடுக்கும் வேலை கிடைத்தால் ஏஜென்சியைவிட அதுவே மேல். ஒரு வருஷம் வேலை பார்த்தாலே பணிக்கொடை உண்டு, ரோலில் இருப்பவர்களுக்கு உள்ள சலுகைகளும் உண்டு. கூடுதல் நேர வேலை (ஓவர்டைம்) பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம் வரவேண்டும், சம்பளச் சீட்டில் அது தனி வரியாக இருக்கவேண்டும். ஹாஸ்டலை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், முடிந்தால் அம்மாவும் போகட்டும். தண்ணீர், கழிப்பறை, ஒரு ரூமுக்கு எத்தனை பேர், இரவு ஷிஃப்ட் முடிந்து எப்படித் திரும்புகிறார்கள், இதெல்லாம் பேப்பரில் இருக்காது.

மகன் விஷயம் கொஞ்சம் சிக்கல். ஒரே மாதிரி வேலைக்கு காண்ட்ராக்ட் ஆளுக்கும் ஒரே மாதிரி கூலி என்ற கொள்கை 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளிலேயே இருந்தது. காகிதத்தில் எழுதியிருந்தது என்பதற்காக அவர் தனியாகப் போய் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் ஏஜென்சி பட்டியலில் அவர் பெயர் இருக்காது, அவ்வளவுதான் நடக்கும். கூட இருக்கும் ஐம்பது, நூறு பேர் சேர்ந்து, ஒரு சங்கத்தின் துணையோடு போனால்தான் அது மனு. அதுவரை சம்பளச் சீட்டு, கேட் பாஸ், ஷிஃப்ட் சார்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தேதி வாரியாக வைத்துக்கொள்ளட்டும். நாலு வருஷ லைன் அனுபவத்தோடு நேரடி ரோல் கொடுக்கும் சின்னக் கம்பெனி கிடைத்தால், சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் மாறுவதே நல்லது. அவருடைய வயதில் காண்ட்ராக்டில் போகிற ஒவ்வொரு வருஷமும் அடுத்த இடத்தில் பேரம் பேசும் பலத்தைக் குறைக்கிறது. முப்பதைத் தாண்டிய ஆளை லைனில் எடுக்க நிறைய ஏஜென்சிகள் யோசிக்கின்றன.

கடைசியாக நிலம். ஓசூரில் இந்த முப்பது நாற்பது வருஷத்தில் யார் யாரெல்லாம் எங்கே போனார்கள் என்று பார்த்தால், சம்பளத்தைவிட நிலம் உண்டாக்கிய ஏற்றத்தாழ்வுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சிப்காட் வாசலில் மூக்கண்டப்பள்ளி மாதிரி இடங்களில் மனை வைத்திருந்தவர் லைன் வீடு கட்டி வாடகையில் வாழ்கிறார். அந்த லைன் வீட்டில் இருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் சம்பள உயர்வு வாடகை உயர்வுக்கே சரியாகப் போகிறது. முதலீடு வந்ததில் சத்தமில்லாமல் லாபம் பார்த்தவர் நிலக்காரர்.

மகன் இதைக் கவனித்துத்தான் ஓசூரில் மனை என்கிறார், அவர் யோசனையில் தப்பில்லை. ஆனால் நேரம் கடந்துவிட்டது. ஓசூர் மனையில் வருங்கால வளர்ச்சிக்கும் சேர்த்து விலை வைத்துவிட்டார்கள். உங்கள் ரோட்டோர ஏக்கர் இருப்பதோ ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டைக்கு நான்கு வழிச்சாலை போகும் பக்கம். விலை ஏறப்போகும் நிலத்தை விற்று, ஏறி முடிந்த நிலத்தை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்று, கம்பெனி எந்நேரமும் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்த இடம். நிரந்தரத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வுத் தொகையாவது வாங்கினார்கள். அதே வளாகம் வேறு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கைக்குப் போய்த் திரும்ப இயங்க வருஷங்கள் ஆயின. அந்த மாதிரி ஒரு இடைவெளி வந்தால், பாலக்கோட்டில் ஒரு ஏக்கர் தக்காளி உங்கள் மகனுக்கும் மகளுக்கும் சோறு போடும். ஓசூரில் காலியாகக் கிடக்கும் 1,200 சதுர அடி போடாது.

விற்காமல், வாடகைக்கு விடுகிற மாதிரி ரோட்டோரம் இரண்டு கடை கட்ட முடியுமா என்று பாருங்கள். நெடுஞ்சாலைக்கு எவ்வளவு தூரம் தள்ளிக் கட்ட வேண்டும், சாலைக்கு இன்னும் நிலம் எடுப்பார்களா என்பதைத் தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அப்புறம் அஸ்திவாரம் போடுங்கள். யாராவது முன்பணம் என்று கையில் திணித்தால் இப்போதைக்கு வாங்காதீர்கள். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்கு எடுத்து வையுங்கள், பட்டாவில் உங்கள் அப்பா பெயர் இன்னும் இருந்தால் அதை இந்த அறுவடைக்குள் மாற்றிவிடுங்கள்.